ஐராவதி வரை போய் வந்தவர்

எங்கள் தாத்தா இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. கரூர்ப் பக்கமிருந்து கங்காணி கூட்டி வந்த குடும்பத்தில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து லாயாங் லாயாங் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், 1925ல் பிறந்தவர். கரூரையும் காவிரியையும் அவருடைய அப்பா சொல்லித்தான் தெரியும். பார்க்காத அந்த நாட்டின் விடுதலைக்காகத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு பர்மா வரை போனார். ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையோடு அவர் பயணம் நின்றுவிட்டது. "மேக்கால மலை தெரியும். அதுக்கு அந்தாண்டதான் நம்ம நாடுன்னு ஹவில்தார் கை காட்டுவாரு. பார்த்துக்கிட்டே இருப்போம்," என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருக்காது. ஏதோ பக்கத்துத் தோட்டத்தைச் சொல்வது போலத்தான் சொல்வார்.

இன்று சிம்பாங் ரெங்கம் என்றால் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வருகிறவர்களுக்கு ஒரு வெளியேறும் வழி. செம்பனை, அன்னாசிக் காடுகள், கோழிப் பண்ணைகள். எங்கள் தாத்தா காலத்தில் அது பெரிய ரோடும் ரெங்கம் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் ரோடும் பிரிகிற ஒரு முக்கு, அதைச் சுற்றி சில சீனர் கடைகள், அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் கித்தா மரம். தோட்டத்து ஜனங்களுக்கு உலகம் காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் தொடங்கி பால் ஸ்டோரில் முடிந்துவிடும். சம்பள நாளில் மட்டும் முக்கு வரை நீளும். அப்படிப்பட்ட இடத்துக்கு உலகப் போர் தானாக நடந்து வந்தது.

1942 ஜனவரி கடைசி வாரம். யொங் பெங், ஆயர் ஈத்தாம், சிம்பாங் ரெங்கம், கூலாய் என்று அந்த ஒரே ரோட்டின் வழியாக ஆஸ்திரேலியரும் வெள்ளைக்காரரும் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரயில் பாதையோரமாக இந்தியப் படைகள் பின்வாங்கின. லாயாங் லாயாங்கில் ரயில் பாலம் முன்கூட்டியே தகர்க்கப்பட்டதில் 22வது இந்தியப் பிரிகேட் தனியே சிக்கிக்கொண்டது. ஒன்பதாவது இந்திய டிவிஷனின் தளபதி பார்ஸ்டோ, ஜனவரி 28 அன்று அந்த இடத்திலேயே கொல்லப்பட்டார். ஜனவரி 31ல் கடைசிப் படையும் சிங்கப்பூருக்குக் கடந்து போன பிறகு ஜொகூர் பாலத்தை உடைத்தார்கள். இவையெல்லாம் நான் பிற்பாடு புத்தகங்களில் படித்துச் சேர்த்துக்கொண்டவை. தாத்தாவுக்குத் தெரிந்தது வேறு. காட்டுக்குள் வழி தெரியாமல் அலைந்த இந்தியச் சிப்பாய்கள் இரவில் லயத்துக் கதவைத் தட்டினார்கள். பூட்ஸுக்குள் இரத்தம். கைலி கொடுங்கள், கஞ்சி கொடுங்கள் என்று சைகையில் கேட்டார்கள். ஒருவன் தன் சட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, எங்கள் பூட்டனாரின் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு போனானாம். தாத்தாவுக்கு அப்போது பதினேழு வயது. பட்டாளத்துக்காரன் என்று அவர் முதன்முதலில் பக்கத்தில் நின்று பார்த்தது அந்த மனிதனைத்தான்.

அதற்கப்புறம் ஜப்பான்காரன் காலம். பால்மரம் வெட்டி என்ன செய்வது, வாங்க ஆளில்லை. தோட்டம் பாதி நின்றுபோயிற்று. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. வாழைமரம் அச்சடித்த நோட்டு கட்டுக்கட்டாகக் கையில் இருந்தாலும் அரைக்கட்டி சோப்புக்குப் பெறாது. துணி கிடையாது. கோணிச்சாக்கை வெட்டித் தைத்து உடுத்தினார்கள். 1943 தொடக்கத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு என்றார்கள். தாத்தாவின் அண்ணன் போனார். தானாகப் போனாரா, பெரட்டில் நிற்கும்போது லாரியில் ஏற்றினார்களா என்பதில் குடும்பத்திலேயே இரண்டு பேச்சு உண்டு. திரும்பி வரவில்லை என்பதில் மட்டும் இரண்டு பேச்சு இல்லை.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த சயாம்–பர்மா ரயில் பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளின் எண்ணிக்கை 12,000க்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து போனவர்களுக்குச் சரியான பெயர்ப் பட்டியல்கூட எடுக்கப்படவில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்றும் அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்றும் நாவல் எழுதியிராவிட்டால், என் தலைமுறைக்கு அது ஒரு பாட்டி அழுகையாகவே நின்றுபோயிருக்கும்.

1943 ஜூலை 2ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்தியச் சுதந்திர லீக்கின் பொறுப்பை ஏற்றார். மறுநாள் பாடாங்கில் படை அணிவகுப்பைப் பார்வையிட்டு, டில்லிக்குப் புறப்படு என்றார். தாத்தா அந்தக் கூட்டங்களில் இல்லை. அந்தச் சொல் சைக்கிளில் ஏறித்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. லீக்கின் தொண்டர்கள் லயம் லயமாக வந்தார்கள். பெண்கள் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டி கொடுத்தது ஒரு ஜோடி தோடு. வீட்டில் இருந்த ஒரே தங்கம் அதுதான்.

பிற்காலத்தில் நேதாஜி விழா மேடைகளில் பேசுகிறவர்கள், தோட்டத்து இளைஞர்கள் தாயகப் பற்றால் பொங்கி எழுந்தார்கள் என்பார்கள். தாத்தா இதை இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை. "சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவான்னு பயம். பட்டாளத்துல சேர்ந்தா தொடமாட்டான். அங்க சோறு போடுறாங்கன்னும் சொன்னாங்க. அப்புறம் அந்தாளு பேச்சு." இந்த மூன்றையும் இந்த வரிசையிலேயே சொல்வார். மூன்றாவதை எடுத்துவிட்டால் முதல் இரண்டும் மிஞ்சாது என்பதுதான் என் எண்ணம். பயத்துக்கும் பசிக்கும் ஒளிந்துகொள்ள வேறு இடங்களும் இருந்தன. காட்டோரமாகப் போய்க் கிழங்கு போட்டுப் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். தாத்தா சிங்கப்பூருக்குப் போனார். எங்கள் தோட்டத்திலிருந்து அவரோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

இந்திய தேசிய இராணுவத்தில் சுமார் 40,000 பேர் இருந்தார்கள். முதலில் சேர்ந்தவர்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகள். நேதாஜி வந்த பிறகு மலாயா, பர்மா, சயாம் நாடுகளின் பொதுமக்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். மலாயாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் பால்மரத்துக்காரர்கள். ஜான்சி ராணி பெண்கள் படையும் அப்படித்தான். கேப்டன் லட்சுமியையும் கோலாலம்பூர் ஜானகி தேவரையும் எல்லோருக்கும் தெரியும். அவர்களுக்குப் பின்னால் அணியில் நின்ற பெண்களில் மிகப் பலர் விடியற்காலையில் வாளியும் உளியும் தூக்கிப் பழகிய தோட்டத்துப் பெண்கள். அவர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

பயிற்சி முகாமைப் பற்றிப் பேசும்போதுதான் தாத்தா முகம் மலரும். இந்துஸ்தானியில் கட்டளை. எழுத்து ஆங்கில எழுத்து. தமிழ்கூட எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரிந்த பையன்களுக்கு அது புது மொழி, புது எழுத்து. சாகும் வரை அவர் எதையாவது எண்ணினால் 'ஏக், தோ, தீன்' என்றுதான் எண்ணுவார். கோழிக்குஞ்சு எண்ணினாலும் அதே. ஆனால் அவர் மறுபடி மறுபடி சொன்னது சாப்பாட்டைப் பற்றி. இந்து, முஸ்லிம், சீக்கியர் எல்லோருக்கும் ஒரே சமையல், ஒரே பந்தி. பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனி அடுப்பு இருந்ததாம். நேதாஜி அதை ஒழித்தார். எங்கள் தோட்டத்தில் லயங்களே சாதிப்படிதான் பிரிந்திருந்தன. மேல்வரிசை லயத்துக்காரர் கடைசி லயத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். அங்கிருந்து போன மூன்று பேரும் மூன்று சாதி. முகாமில் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். "மொத நாளு தொண்டையில இறங்கல. நாலாம் நாளு பசியில யாரு தட்டுன்னு பார்க்கல. பத்தாம் நாளு அது எதுக்கு இருந்துச்சின்னே புரியல," என்றார் ஒருமுறை.

பர்மாவுக்குப் போன வழியைச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ரயிலில் சயாம் போய், அங்கிருந்து பர்மா. அந்தக் கடைசிப் பகுதி 1943 அக்டோபரில் கட்டி முடித்த அதே பாதை. எதற்குப் பயந்து பட்டாளத்தில் சேர்ந்தாரோ, அதன் மேலேயே பட்டாளத்துக்காரராகப் போனார். மூடிய சரக்குப் பெட்டி. பகலில் விமானத்துக்குப் பயந்து எங்காவது காட்டில் நிறுத்திவிடுவார்கள். இரவில் ஓடும். மரப்பாலங்களில் வண்டி ஆமையாக ஊரும்போது கீழே மரம் முனகுவது கேட்குமாம். வழியில் நின்ற இடங்களில் எலும்பும் தோலுமாய்த் தமிழ் ஆட்கள் வந்து, எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று கேட்டார்கள். தாத்தா ஒவ்வொரு இடத்திலும் அண்ணன் பெயரைச் சொல்லிக் கேட்டார். கடைசி வரை ஒருவரும் தெரியும் என்று சொல்லவில்லை.

இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வரலாற்றுப் பாடத்தில் ஜப்பானியர் கொடுமை என்று ஒரு பகுதி. வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டேன்: "தாத்தா, நீங்க ஜப்பான்காரன் பக்கம் நின்னுதானே சண்டை போட்டீங்க?" அவர் கோபப்படவில்லை. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஜப்பான்காரன் எங்கண்ணனைக் கொன்னான். வெள்ளைக்காரன் எங்கப்பனை இந்தக் காட்டுக்குக் கொண்டாந்து போட்டான். இவனுங்க ரெண்டு பேருக்காகவும் நான் போகலைடா ஐயா." இந்தப் பதிலில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானியர் கொடுத்த அரிசியும் அவர்கள் காட்டிய பாதையும் இல்லாமல் அந்தப் படை நகர்ந்திருக்காது. சயாமில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு அது ஆறாத புண். ஆனாலும் அண்ணனைப் பறிகொடுத்த பத்தொன்பது வயதுப் பையன் அந்த முடிச்சைத் தன் மனதுக்குள் எப்படி அவிழ்த்திருக்க முடியும் என்று நினைக்கும்போது, நீதிபதியாக உட்கார எனக்கு மனம் வரவில்லை.

போர்க்களக் கதை அதிகம் சொல்ல மாட்டார். 1944ல் இம்பால் போன முதல் டிவிஷனில் அவர் இல்லை. அந்த ஆண்டு மழையில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்புமாய் அங்கிருந்து திரும்பியவர்களைப் பார்த்தார். பிறகு குர்பக்ஷ் சிங் தில்லான் தலைமை ஏற்ற நேரு ரெஜிமெண்டில் ஐராவதிக் கரைக்குப் போனார். பகானுக்கும் நியாங்குவுக்கும் நடுவே அகலமான ஆறு. அதைக் காக்க ஒரு சில இயந்திரத் துப்பாக்கிகள், முள்கம்பி கிடையாது, பீரங்கி கிடையாது. 1945 பிப்ரவரி 14 விடிகாலை ஏழாவது இந்திய டிவிஷன் ஆற்றைக் கடந்தது. முதலில் வந்த படகுகளைச் சுட்டு நிறுத்தினார்கள். அப்புறம் டாங்கி, விமானம் என்று வந்தபோது நிற்க முடியவில்லை. படகில் வந்த எதிரிகளிலும் பெரும் பகுதி இந்தியர்கள்தான். அதைச் சொல்லும்போது மட்டும் தாத்தா பேச்சை வேறு பக்கம் திருப்புவார். சரணடைந்தவர்கள் உண்டு, ஓடிப்போனவர்கள் உண்டு. அவர் அதையும் மறைக்கவில்லை. மிச்சம் இருந்தவர்கள் போபா மலைக்குப் பின்வாங்கினார்கள். அங்கிருந்து கியாவ்க்படாங் பக்கமாக நடந்து போகையில் எங்கள் தோட்டத்துக் கூட்டாளி ஒருவர் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். ஒரு புளியமரத்தடியில் புதைத்ததாகத் தாத்தா சொல்வார். இன்னொருவர் ரங்கூனில் காணாமல் போனார். பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார் என்று தாத்தா நம்பினார். அப்படி நம்ப அவருக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 24ல் நேதாஜி ரங்கூனை விட்டுப் புறப்பட்டார். நகரத்தில் கொள்ளை நடக்காமல் காக்க மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் ஆயிரக்கணக்கான வீரர்கள் நின்றார்கள். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷார் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். தாத்தா பிடிபட்டு, விசாரித்து, விடப்பட்டு, கப்பலுக்குக் காத்திருந்து ஊர் வந்து சேர 1946 ஆகிவிட்டது. டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவருடைய வழக்கு நடந்து, நாடே கொதித்து, ஜனவரி 3ல் அவர்கள் விடுதலையானதெல்லாம் அதற்குள் முடிந்திருந்தது. தன் கமாண்டர் உயிரோடிருக்கிறார் என்பதைச் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடையில் பழைய பத்திரிகையில்தான் பார்த்தார்.

பெரட்டில் மறுபடி பெயர் பதிந்த நாளை அவர் சொன்ன விதம் எனக்கு மறக்காது. தோட்டத்துத் துரை சாங்கி கைதி முகாமிலிருந்து வந்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. இவரும் ஒட்டிய கன்னத்தோடு நின்றார். எங்கே இருந்தாய் என்று கேட்டார் துரை. பர்மா என்றார் இவர். துரை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்ன சாப்பிட்டாய்?" என்று மலாய் கலந்த தமிழில் கேட்டாராம். கிழங்கு என்றார் இவர். "நானும்," என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது. பழைய நிரையே, அதே மரவரிசையே, கிடைத்தது.

அந்த நிரையில் அவர் மரம் வெட்டுவதைச் சின்ன வயதில் நான் கூடப் போய்ப் பார்த்திருக்கிறேன். இருட்டில் தலையில் கார்பைட் விளக்கு. முதலில் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்து இடுப்புப் பையில் போடுவார். பால் பிடிக்கும் மங்கைக் கவிழ்த்துத் துடைப்பார். பிறகு உளியை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிவாக இழுப்பார். பட்டை வெற்றிலைக் காம்பு கனத்தில் சுருண்டு விழும். அதற்கு மேல் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் வெட்ட முடியாது. அவர் நிரையில் முடிச்சு விழுந்த மரத்தை நான் பார்த்ததில்லை. பால் வெள்ளைக் கோடாக இறங்கி மங்கில் சொட்டத் தொடங்கியதும் அடுத்த மரம். வேலை முடிந்ததும் உளியைத் தீட்டி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, தலையணைப் பக்கம் வைப்பார். துப்பாக்கியையும் அப்படித்தான் வைத்திருப்பார் என்று பாட்டி சொல்வாள், பார்க்காமலேயே.

நிரை மாறவில்லை, ஆள் மாறிவிட்டார். போருக்கு முன்னால் துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், இந்த இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் இருந்தன. பட்டாளத்தை வரவழைத்துச் சுட்டு அடக்கினார்கள். 1946க்குப் பிறகு தாத்தா சைக்கிளை விட்டு இறங்கவில்லை. சத்தம் போடவில்லை, முறைக்கவில்லை. தலையசைத்து வணக்கம் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டே போய்விடுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்குவதை விட்டார்கள்.

இன்னொன்று, என் மனதில் அதைவிடப் பெரியது. ஊர் வந்த மறு வாரம் கடைசி லயத்துக்குப் போனார். பர்மாவில் செத்துப்போன கூட்டாளியின் அம்மா அங்கே இருந்தாள். செய்தியைச் சொன்னார். அவள் அழுது ஓய்ந்ததும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவளுக்குக் கை ஓடவில்லை. சொம்பை எடுப்பதா, எடுத்தால் இவர் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று நின்றாள். இவரே உள்ளே போய்ப் பானையில் மொண்டு குடித்தார். சேதி அவருக்கு முன்னால் மேல் லயத்துக்கு வந்துவிட்டது. எங்கள் கொள்ளுப்பாட்டி அவருக்குச் சோற்றைத் திண்ணையில் வைத்தாள். மாதக் கணக்கில் திண்ணையிலேயே சாப்பிட்டார். ஆனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தவில்லை. என் அப்பா காலத்தில் அந்தக் கிழவி எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கறிக்கு மசாலா அரைத்திருக்கிறாள்.

தாத்தாவைப் போன்றவர்கள் எல்லாத் தோட்டங்களிலும் இருந்தார்கள். அணிவகுக்கத் தெரிந்தவர்கள், நாலு பேரை வரிசையில் நிறுத்தத் தெரிந்தவர்கள், பயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். கெடாவில் தொண்டர் படை தோன்றிக் கள்ளுக்கடை மறியல் செய்ததிலும், 1946, 47 ஆண்டுகளின் கூலிப் போராட்டங்களிலும் அவர்கள் சாயலைப் பார்க்கலாம். தோட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் தொழிற்சங்கத்தை ஒரு அத்தியாயமாகவும் நேதாஜி படையை வேறு அத்தியாயமாகவும் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. பர்மாவில் தோற்றது ஒரு படை. அது கற்றுக்கொடுத்த நிமிர்வு தோட்டத்துக்கு வந்து சில இடங்களில் ஜெயித்தது.

அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு, வாசலில் அரிசிச் சோதனை. தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4ல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் என்றாலே போலீஸ் இரண்டு முறை பார்த்தது. பாட்டி அப்போதுதான் கல்யாணமாகி வந்த புதிது. தாத்தாவின் காக்கித் தொப்பியையும் ஏதோ ஒரு தாளையும் அடுப்பில் போட்டு எரித்தாள். அவர் அதற்காக அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் இன்று எங்களிடம் அவருடைய பட்டாளத்துச் சான்று என்று எதுவும் இல்லை.

1945 ஆகஸ்ட் 18ல் தைப்பேயில் விமான விபத்தில் நேதாஜி இறந்த செய்தியைத் தாத்தா ஏற்றுக்கொள்ளவே இல்லை. இந்த ஊர்களில் பல வீடுகளில் அப்படித்தான். சாமிப் படங்களின் வரிசையில் இராணுவ உடையில் நேதாஜியும் இருப்பார், வெள்ளிக்கிழமை அவருக்கும் சந்தனம் வைப்பார்கள். என் சித்தப்பாவுக்குப் பெயர் போஸ். பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் மூன்று போஸ், ஒரு சுபாஷ். நேதாஜி 1945 ஜூலையில் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் அடிக்கல் நாட்டிய போர்வீரர் நினைவுச் சின்னத்தைப் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் மவுண்ட்பேட்டன் உத்தரவுப்படி இடித்துத் தள்ளினார்கள். அந்த இடத்தில் 1995ல் சிங்கப்பூர் அரசு ஒரு அடையாளக் கல் வைத்தது. அதற்குள் தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் யாருடைய குடிமகன் என்ற கேள்வியும் ஒரு காலம் வந்தது. தாத்தா இங்கே பிறந்தவர், விண்ணப்பித்து நீல அடையாள அட்டை வாங்கிவிட்டார். பாட்டி நாமக்கல்லில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவள். அவளுடையது சிவப்பு அட்டை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்றார்கள். எங்கள் லயத்திலேயே பல குடும்பங்கள் மூட்டை கட்டிக் கப்பலேறின. பாட்டியும் போக வேண்டியிருக்குமோ என்று வீடு கலங்கிய அந்த நாட்களில் தாத்தா சொன்னாராம்: "நான் துப்பாக்கி தூக்கிட்டுப் போயே அந்த ஊரைப் பார்க்க முடியல. இவளை அனுப்பிட்டு நான் இங்க என்ன பண்ணுவேன்?" பாட்டி போகவில்லை. அனுமதி எப்படியோ கிடைத்தது. போனவர்கள் எழுதிய கடிதங்கள் சில வருடம் வந்தன, பிறகு நின்றன.

அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்திருந்தன. துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி பங்குப் பணம் கேட்டபோது, எங்கள் லயத்தில் முதலில் சேர்ந்தவர் தாத்தாதான். அப்பாவையும் சேர்த்துவிட்டார். எங்கள் தோட்டம் அந்தச் சங்கத்தின் கைக்கு வரவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், லயங்களை இடித்தார்கள். மாரியம்மன் கோயிலை டவுனுக்கு மாற்றினோம். எங்கள் ஆட்கள் சிம்பாங் ரெங்கம் தாமான்களுக்கும் குளுவாங்குக்கும் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் பிரிந்து போனார்கள். பெரட்டுக் களம் இருந்த இடம் எனக்கு இன்னும் தெரியும். அங்கே நின்ற பெரிய மழைமரத்தை வெட்டிவிட்டார்கள். கார்பைட் விளக்கின் வாடை, ஸ்டோரின் புளித்த பால் நாற்றம், பத்து மணிக்கு வாளிகள் மோதும் ஒலி எல்லாம் ஒரே தலைமுறைக்குள் போய்விட்டன. அந்த மனிதர்களைப் பற்றிப் போய்க் கேட்கக்கூடிய இடமும் அவற்றோடு போய்விட்டது. 1943ல் பதினெட்டு வயதில் சேர்ந்தவர் இன்று இருந்தால் நூறு வயதை எட்டியிருப்பார்.

சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்தில், கியாவ்க்படாங் பக்கம் இறந்தவரின் தம்பி பேரனைப் பார்த்தேன். பாசிர் கூடாங்கில் வேலை செய்கிறான். உங்கள் பெரிய தாத்தா நேதாஜி பட்டாளத்தில் இருந்தவர், தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. சயாமில் செத்தவர் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பந்தியில் இலை எடுத்த பிறகும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. தோட்டத்தின் பெயர், ரெஜிமெண்ட், என்ன நோய், எந்த மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்துகொண்டான். கியாவ்க்படாங்குக்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் இரண்டு பேரும் திணறினோம். பிறகு வரைபடத்தில் போபா மலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை நகர்த்தினோம். பக்கத்திலேயே இருந்தது. "ரோடு இருக்குண்ணே," என்றான். "ரயிலும் இருக்கு."